இரண்டு கல்லுக்கு நடுவே அல்லோ முசே

புதுச்சேரியில் தன் வாயைத் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தாமலே வாழ்ந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. எங்கள் தீயணைப்பு நிலையத்தில் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருந்த அல்லோ முசே.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. பிரெஞ்சில் 'அல்லோ' என்றால் ஹலோ, 'முசே' என்றால் ஐயா; எங்களுக்கு அதுவே அவர் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த துரை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: கேட்டதைச் சொல், ஒன்று கூட்டாதே, ஒன்று குறைக்காதே. துரை கப்பல் ஏறிப் போய்விட்டார். பாடம் இவரிடம் தங்கிவிட்டது. வீட்டில் மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால்கூட "அல்லோ" என்றுதான் திரும்புவாராம்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறேழு வருடம் ஆனபிறகு எங்களுக்கு வயர்லெஸ் வந்தது. நான் அப்போது குழாய் பிடிக்கிற ஆள். எங்களிடம் வண்டிகள் இரண்டு. இரண்டும் நிலையத்தோடு பேசும், ஒன்றோடு ஒன்றும் பேசும். வயர்லெஸ் பெட்டிக்குள் நகக்கண் அளவில் ஒரு கல் இருக்கும், அந்தக் கல்தான் எந்த அலையில் பேசுவது என்று முடிவு செய்யும் என்றார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: அலையை மாற்றுகிறோம், எல்லாருக்கும் புதுக் கல். வந்த பார்சலைப் பிரித்தால் நிலையத்துக்கு ஒரு புதுப் பெட்டியும் ஒரு வண்டிக்கு மட்டும் கல்லும்தான் இருந்தன. மற்றது பின்னால் வரும் என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்குப் பழைய கல் வண்டி, புதுக் கல் வண்டி என்று இரண்டு சாதி உண்டாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. நான் போகிற புதுக் கல் வண்டியை ஓட்டுகிற கோவிந்தன், "கல்லு மாத்தினா யோகம் வரும்னு ஜோசியக்காரன் சொல்லுவான். நமக்கு இருந்த யோகமும் போச்சு" என்பான்.

நிலையத்தில் மட்டும் பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. நடுவில் அல்லோ முசே. இடது காதில் பழசு, வலது காதில் புதுசு. ஒரு வண்டி சொல்வதை வாங்கி அடுத்த வண்டிக்குக் கொடுப்பார். "ஆபீசர் சொல்றது" என்று ஆரம்பித்து, சேதியைச் சொல்லி, "முடிஞ்சுது" என்பார். தும்மலைக்கூட விடமாட்டார். "ஆபீசர் சொல்றது: தண்ணி எவ்வளவு இருக்கு, தும்மல் ஒண்ணு, சீக்கிரம் சொல். முடிஞ்சுது."

ஆபீசர் சேலத்துக்காரர். கோபம் மூக்கின்மேல் இருக்கும். ஒருநாள் அரியாங்குப்பத்தில் குடிசை எரிந்தபோது பழைய கல் வண்டியிலிருந்து கத்தினார். அது அப்படியே எங்கள் வண்டிக்கு வந்தது.

"ஆபீசர் சொல்றது: அந்த எருமை எங்கே மேயுது. முடிஞ்சுது."

கோவிந்தன் கருவியை எடுத்தான். "எருமை பாலத்துக்கிட்ட வந்துடுச்சு. மாட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க முசே."

அதுவும் ஒரு எழுத்து குறையாமல் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆபீசர் வயர்லெஸ் அறைக்குப் போனார்.

"ஏன்யா, கொஞ்சம் பதமா சொல்லக்கூடாதா?"

அல்லோ முசே எழுந்து நின்றார். "பதமா சொன்னா அது என் சேதி ஆயிடும் சார்."

பைத்தியம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் சித்திரையில் காலாப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பு பற்றிக்கொண்டது. சவுக்குத் தோப்பில் தரையெல்லாம் காய்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும். ஒரு பொறி போதும். காலையிலிருந்து மேற்குக் காற்று. தீ கடலைப் பார்த்துப் போனது. கடலோரத்தில் மீனவர் குப்பம், அறுபது எழுபது கூரை வீடு. ஆபீசர் பழைய கல் வண்டியோடு வடக்கே ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் புதுக் கல் வண்டியோடு மேற்கே, தார்ரோட்டிலிருந்து தோப்புக்குள் போகிற வண்டிப்பாதையின் வாயில் நின்றோம். எங்களுக்குத் தலைவர் செபஸ்தியான் அண்ணன்.

உச்சிவேளையில் கருவி பேசியது.

"ஆபீசர் சொல்றது: வண்டிப்பாதையில உள்ள போ. தீக்குப் பின்னால போய் அடி. குப்பத்தைக் காப்பாத்தணும். முடிஞ்சுது."

தீ முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது, பின்னாலிருந்து அடிப்பதுதான் சரி. கோவிந்தன் வண்டியை உள்ளே விட்டான். இருபது முப்பது கஜம் போயிருப்போம். 'முடிஞ்சுது' சொன்னால் அந்தப் பெட்டி மறுபடி பேசாது, அது வழக்கம். அன்றைக்குப் பேசியது.

"தம்பிங்களா, போகாதீங்க. இது ஆபீசர் சொல்லல. நான் சொல்றேன். கடல்காத்து வந்துடுச்சு. முடிஞ்சுது."

கோவிந்தன் பிரேக்கை மிதித்தான். எங்களுக்கு மேலே சவுக்கு இன்னும் கிழக்கே சாய்ந்துதான் ஆடிக்கொண்டிருந்தது. கடல்காற்று எங்கே இருக்கிறது என்று பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணே, இன்னா பண்றது?" என்றேன்.

"ஆர்டர் உள்ள போன்னு இருக்கு" என்றார் செபஸ்தியான் அண்ணன். உள்ளே போகாமல் குப்பம் எரிந்தால் அவர் வேலை போகும். போய்க் காற்று திரும்பினால் நாங்கள் ஐந்து பேரும் போவோம்.

கோவிந்தன் சொன்னான்: "நான் எருமைன்னு திட்டு வாங்கினப்பகூட அந்த ஆளு சொந்தமா ஒரு ஐயோ சொன்னதில்லண்ணே. இன்னைக்கு வாயைத் திறந்திருக்காரு."

செபஸ்தியான் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, "பின்னால எடு" என்றார்.

வண்டி தார்ரோட்டுக்கு வந்து நின்று, நாங்கள் குழாயைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது புகை நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாததுபோல் நின்றது. பிறகு எங்கள் பக்கம் படுத்தது. நாங்கள் நின்றிருந்த வண்டிப்பாதையின்மேல் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு தீ வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ரோடு குறுக்கே இருந்ததால் அங்கேயே வைத்துச் சாயங்காலத்துக்குள் அடக்கினோம். காற்று திரும்பியதால் குப்பத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அல்லோ முசே ஆபீசர் மேசையில் ஒரு கடிதம் வைத்தார். பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. குற்றத்தைப் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். ஆபீசருக்குப் பிரெஞ்சு தெரியாது; பிரெஞ்சுப் பள்ளியில் படித்த செபஸ்தியான் அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

அண்ணன் மனதுக்குள் படித்தார், எங்களுக்குப் பின்னால் சொன்னார்: நான் மீனவர் குப்பத்தில் பிறந்தவன், மேசைமேல் இருந்த தாள் கிழக்கு ஜன்னல் வழியே வந்த கடல்காற்றில் புரண்டதும் தெரிந்துகொண்டேன், இன்னும் கால்மணியில் வடக்கே காலாப்பட்டிலும் அது எழும், சேதியோடு என் சொல்லைச் சேர்த்துவிட்டேன், இப்படிச் செய்தவன் இந்த நாற்காலிக்குத் தகுதியில்லை, என்னை வேலையிலிருந்து எடுத்துவிடவும். இதுதான் எழுதியிருந்தது.

"என்ன கேக்கறாரு?" என்றார் ஆபீசர்.

"வயர்லெஸ் ரூமுக்கு ஒரு மின்விசிறி வேணுமாம் சார்."

"ஒரு பக்கம் முழுக்க விசிறியா?"

"பிரெஞ்சு சார். அது நீளும்."

ஆபீசர், அண்ணனின் முகத்தைப் பார்த்தார். நேற்று அவரும் அந்தப் புகை திரும்பியதைப் பார்த்தவர்தானே. "கொடுத்துடலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

விசிறி வந்தது. அல்லோ முசே அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். தண்டனை வரும் வரும் என்று பல மாதம் காத்திருந்தார். ஆபீசர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். மற்ற வண்டிக்கும் புதுக் கல் வந்து, பழைய பெட்டியைச் சாக்கில் கட்டி எடுத்துப்போன அன்று, "என்னையும் சேர்த்துக் கட்டிடுவாங்கன்னு நெனச்சேன்" என்று கோவிந்தனிடம் சொன்னாராம்.

அவரிடம் போய் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. மூன்று தடவை அந்த அறை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மறுவருடம் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. கற்கண்டு வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். என் வீட்டார் யாருக்கும் அதுவரை கொடுத்திருக்கவில்லை.

"எதுக்குப்பா இது?" என்றார்.

பெண் பிறந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.