பறக்கும் எருமையின் விலை

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

நம் பேத்தி மாதாமாதம் வரைந்து அச்சடிக்கும் 'பறக்கும் எருமை' படக்கதையின் விலையை இருபதிலிருந்து நாற்பதாக்கினால்தான் மதிப்பு என்று போனில் சொன்னீர்கள் அல்லவா, அவளும் ஆக்கினாள். மதிப்பு வந்தது, ஆள்தான் வரவில்லை. பள்ளிக்கூட வாசல் பென்சில் கடைக்காரி, "பிள்ளைங்க அட்டையத் தடவிப் பாத்துட்டு வெச்சிட்டுப் போகுதுங்கம்மா, எருமைக்கு வாலே தேஞ்சு போச்சு" என்றாள். பின்னட்டையில் எருமை வானத்திலிருந்து மெத்தையில் குதிக்குமே, அந்த விளம்பரம் கொடுக்கும் மெத்தைக் கடைக்காரரோ, "வாங்க ஆளில்லாத புஸ்தகத்துல என் மெத்தைய யாரு பாக்கப் போறா? இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்" என்றுவிட்டார். அவர் காசு நின்றால் எருமையும் நின்றுவிடும். பிள்ளை சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள், எனக்கு மனசு கேட்குமா, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புஸ்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து "பத்தே பத்து!" என்று கூவினேன், மணி அடித்ததும் பிள்ளைகள் மொய்த்த மொய்ப்பில் என் மூக்குக்கண்ணாடி போன இடம் தெரியவில்லை, கட்டும் காலி.

பேத்தி ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "ஐயோ பாட்டி, அச்சடிக்கவே பதினஞ்சு ஆகுது! நீங்க விக்க விக்க நஷ்டம்!"

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி?" என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அச்சுக்கூலி என்ன தெரியும்?

ஆனால் அந்த வாரமே மெத்தைக் கடைக்காரர் தாமே படியேறி வந்தார். "பாட்டிம்மா, வீட்டுக்கு வீடு பிள்ளைங்க எருமை மாதிரி குதிச்சு மெத்தையெல்லாம் கிழிஞ்சு போச்சு. கடையில நிக்க இடமில்ல. பத்துக்கே வித்துக்கிட்டிருங்க, நஷ்டத்துக்கு நானாச்சு!" என்று விளம்பரக் காசை மூன்று மடங்காக்கிவிட்டுப் போனார். பின்னாலேயே செருப்புக்கடை வந்தது. எலும்பு டாக்டர்கூட முழுப் பக்கம் கேட்டிருக்கிறார். நம் பேத்தி கெட்டிக்காரி, யார் வளர்ப்பு?

சம்பந்திக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கெல்லாம் என் முத்தங்கள்.

இப்படிக்கு,
நம் பேத்தியின் இந்தப் பக்கத்துப் பாட்டி

பி.கு.: இப்போதுதான் அடுத்த இதழைக் காட்டினாள். மெத்தை, செருப்பு, எலும்பு எல்லாம் போட்டது போக, கதைக்கு ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம். அதிலும் எருமையின் கொம்பு மட்டும் தெரிகிறது. விளம்பரக்காரர்களில் பாதிப் பேராவது ஓடியாக வேண்டும். விலையை நாற்பதாக்கினால் போதுமா, ஐம்பதாக்கட்டுமா? உடனே எழுதவும்.