எடை குறைத்த ஃப்ளைவீலும் ஒரு டம்ளர் காப்பியும்

நிறையப் படிக்கிறவர்கள் எதையும் சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன், அந்தத் தை மாத ஞாயிறு காலை பதினொன்று பத்து வரை. (நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. டைரியில் இருக்கிறது.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நூலகர் வேலை. வீடு கூக்காலில், சாலையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் மேலே, கேரட் தோட்டத்துக்கு நடுவில். ஜீப்கூட ஏறாத மண்பாதை. அதற்காகவே, சுற்றுலாக்காரர்களைச் சுமந்து ஓய்ந்துபோன ஒரு பழைய ஏ.டி.வி.யை வாங்கி வைத்திருந்தேன். நாலு பருத்த டயர். கைப்பிடியும் கிளட்சும் கியரும் மோட்டார் சைக்கிள் மாதிரி. உர மூட்டையோடு முனகாமல் மேலே வரும்.

மார்கழியில், இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான அதன் ஃப்ளைவீலில் விரிசல் கண்டது. நாயுடுபுரத்து மெக்கானிக் ஜெயபால் அண்ணன் மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கம்பெனி எடையில் கனமானது. இன்னொன்று யாரோ பந்தயத்துக்காக லேத்தில் கடைந்து எடையைக் குறைத்தது.

“வண்டி என்ன சோலிக்கு சார்?”

“மூட்டை ஏத்த, காய் இறக்க.”

“அப்பக் கனமானதே மாட்டிருவோம். ஏத்தத்துல மெதுவாப் போறப்ப இஞ்சின் தளரும்ல? இந்தக் கனம் சுத்துற வேகத்துலதான் அது நிக்காம இழுக்கும்.”

நான் மூன்று வாரம் படித்துவிட்டு வந்தவன். நோட்டில் கோடு போட்டு, எடை குறைத்ததற்குப் பதினோரு நன்மைகள், கனமானதற்கு நான்கு என்று எழுதியிருந்தேன். அதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். (அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட மேட்டைப் பற்றியோ மூட்டையைப் பற்றியோ இல்லை என்பது பிறகுதான் கண்ணில் பட்டது.)

ஜெயபால் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “படிச்சவுக சொல்றீக. மாட்டிருவோம்” என்றார்.

சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பாய்ந்தது. அன்று டைரியில் ‘அற்புதம்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அடுத்த ஞாயிறு பாலசமுத்திரத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் அந்த மண்பாதையின் அடிவாரத்திலேயே திரும்பிப் போயிருந்தன. இந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா நடந்தே ஏறிவிடுவார். அம்மாவுக்கு மூட்டு வலி. அவரை ஏ.டி.வி.யில் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

பட்டுச் சேலையும் கைப்பையுமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். “தம்பி, மெதுவாப் போங்க.”

மெதுவாகப் போனேன். இருபதடி போனதும் இஞ்சின் நின்றது. வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. பிரேக்கைப் பிடித்து, ஸ்டார்ட் செய்து, மறுபடி கிளம்பினேன். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை நின்றபோது பெண்ணின் அப்பா கைகளைப் பின்னால் கட்டியபடி எங்களைத் தாண்டிப் போனார்.

“வெரசா வாங்க, நான் முன்னாடி போறேன்” என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

நான்காவது தடவை வண்டி பாதையோரம் வரை உருண்டது. கீழே ஏரி தெரிந்தது. அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “என்னங்க, இது நமக்குத் தோதுப்படாது. எம்பிள்ளைய இந்தப் பாதையில அனுப்ப மாட்டேன்.”

“மெதுவாப் போனாத்தாங்க நிக்குது அத்தை” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“அதெல்லாம் இன்னும் முடிவாகலைங்க தம்பி” என்றார் அவர்.

பதற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். நான் படித்ததெல்லாம் உண்மை என்று அந்த ஒரு நொடியில் நிரூபணமாயிற்று. வண்டி பாய்ந்து, முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்ணின் அப்பாவையும் தாண்டியது. அந்த அம்மா இரு கைகளாலும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டார். வளைவில் திரும்பாமல் நேராகப் போய்க் கேரட் பாத்திக்குள் புதைந்து நின்றோம். இருவருக்கும் அடி எதுவும் இல்லை. பின்னாலிருந்து பெண்ணின் அப்பாவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“ஒரு செருப்பு இங்கன கெடக்கு.”

மிச்ச தூரத்தை அந்த அம்மா, வீட்டிலிருந்து ஓடிவந்த என் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் வண்டியை மீட்கப் பாத்தியிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்குள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அக்கா சூடாகக் காப்பியைக் கையில் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வரும் பெண் வீட்டார், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் எதையும் சாப்பிட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

பெண்ணின் அப்பா காலி டம்ளரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். “கை நனைச்சுட்டியே.”

“மயக்கத்துல குடிச்சது சேராதுங்க.”

“குடிச்சது குடிச்சதுதான். இனி மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?”

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் கனமான ஃப்ளைவீலுக்கு மாறியிருந்தேன். (ஏன் என்று ஜெயபால் அண்ணன் கேட்கவில்லை. நோட்டைக் கொண்டுவந்தீர்களா என்று மட்டும் கேட்டார்.)

வருடத்துக்கு இரண்டு முறை அத்தை கூக்காலுக்கு வருவார். விருந்தாளி யார் இருந்தாலும் கதையை ஆரம்பித்துவிடுவார்: “எனக்குத் தலை சுத்தினதாலதான் இவருக்குப் பொண்டாட்டி கிடைச்சா. சம்மதிச்சா குடிச்சேன்? மயங்கியில்ல குடிச்சேன்.” என் மகள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில் காப்பி குடிப்பதை நடித்துக் காட்டுவாள். என் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள்.

நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் வீடு பார்க்க வந்த அன்று மாலையே அக்கா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். ‘குடிச்சது குடிச்சதுதான்’ என்று கணவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அத்தை சும்மா எழுந்து போனாராம். சமையலறையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்று, பாத்திக்குள் சேறு பூசிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த என்னை வெகுநேரம் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“இன்னொரு டம்ளர் குடு தாயி. இந்தத் தடவை சீனி கொஞ்சம் கூட.”