பேக்ரவுண்டு கிளியர்

தரகர் அக்தர் பாய் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கரீம் நான்காவது முறையாகப் போட்டுக் கேட்டார்.

"பொண்ணு வூட்ல போட்டோ பாத்தாங்கோ பாய். பையன் ஓகே. ஆனா பேக்ரவுண்டு கிளியரா கீற மாதிரி இன்னொரு போட்டோ வேணுமாம். பொண்ணே கேக்குதாம். சீக்கிரம் அனுப்பு."

நான்கு முறை கேட்டும் அதையேதான் சொன்னார். மகன் அசாருக்கு இரண்டு வருடமாகப் பெண் பார்த்து, ஏழு இடம் தட்டிப்போய், எட்டாவதாகக் கூடி வந்திருக்கும் இடம் இது. பெண் மாடம்பாக்கம். பெயர் கைனாத். பார்மசி படித்துவிட்டு மருந்துக்கடையில் வேலை. அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அசார் தலை வாராமல் வாசலைத் தாண்டுவதில்லை.

"நீ எந்த போட்டோவ அனுப்புன?" என்று மனைவியிடம் கேட்டார்.

அஜீசா போனை நீட்டினாள். வீட்டுக்குப் பின்பக்கம் அவளே எடுத்த படம். அசார் நீலச் சட்டையில் நட்ட நடுவில் நின்றான். முகம் மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மங்கலாக இருந்தது. போனுக்கு என்ன தோன்றியதோ, மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் பளிச்சென்று பிடித்துவைத்திருந்தது. கொடியில் இரண்டு ஜட்டி. சுவரில் சாய்ந்த விளக்குமாறு. ஓட்டைக் குடம். குழாயடியில் லுங்கியும் பனியனுமாக ஒரு ஆள் முதுகைக் காட்டிக் குந்தி, கறி ஆக்கிய தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது காதும் அதன் மடலில் இருந்த கறுப்பு மச்சமும்கூடத் துல்லியமாகத் தெரிந்தன.

அந்த ஆள் கரீம்தான்.

"அடியே, இதையா அனுப்புன?"

"சட்டை எடுப்பா இருந்துச்சு, அனுப்பிட்டேன்."

அஜீசாவின் கைக்குப் பாத்திர சோப்பு ஒத்துக்கொள்வதில்லை. பட்டால் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். வேலைக்கு வந்த பெண் விட்டுப்போன பிசுக்கு கரீமுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நான்கு வருடமாக வீட்டுப் பாத்திரமெல்லாம் கரீம் கையில்தான். நன்றாகவும் தேய்ப்பார். ஆனால் இது இரும்புலியூரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் சீட் கவர் கடை வைத்திருப்பவர், பள்ளிவாசலில் நாலு பேர் எழுந்து சலாம் சொல்லும் மனிதர். பின்கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் குழாயைத் திறப்பார்.

"இந்தக் குப்பைய பாத்துட்டு, கிளியர் பண்ணுங்கன்னு மரியாதையா சொல்லியிருக்காங்க. மானம் போச்சு!" என்றார். உண்மையிலேயே போய்விட்டதுபோல் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

அன்று மாலையே கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் அசாரை நிறுத்தினார். போனைக் கையில் பிடித்து, சீட் கவர் தையலைச் சரிபார்ப்பவர்போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

மறுநாள் பதில் வந்தது. "இது இல்லியாம் பாய். பேக்ரவுண்டு இன்னும் கிளியரா வேணுமாம்."

விரிப்பில் இருந்த சுருக்கம்தான் காரணம் என்று முடிவு செய்தார். பின்னணியை மொத்தமாக அழித்துவிடும் ஒரு ஆப்பை அசார் இறக்கினான். அது விரிப்பை அழித்தது. கூடவே அவனுடைய வலது காதையும் அழித்தது. அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"பையனுக்கு காது கேக்குமான்னு பொண்ணோட அப்பா விசாரிக்கிறாரு. பேஜாரா கீது பாய்," என்றார் அக்தர்.

இனி நம்மால் ஆகாது என்று எதிர்வீட்டு ஞானஜோதியிடம் போனார் கரீம். அவர் பறவை போட்டோ எடுப்பதற்கென்றே ஆபீசுக்கு லீவு போடுகிறவர். கேமரா லென்சே முழ நீளம் இருக்கும்.

"முதல் தப்பு, ஆளை நடுவுல நிறுத்துனது," என்றார் ஞானஜோதி. "படத்தை மூணா பிரிச்சு ஓரக்கோட்டுல நிறுத்தணும் பாய். போகஸ் கண்ணுல இருக்கணும். பின்னாடி வெறும் வானம். உங்களுக்கு கிளியர்தானே வேணும்? வாங்க, திருநீர்மலை பக்கம் ஏரிக்கரைக்குப் போலாம்."

விடியற்காலையில் மூவரும் போனார்கள். ஞானஜோதி அறுபது படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐம்பத்தெட்டு படத்தில் நீர்க்காகம் இருந்தது.

"கை பழகிடுச்சு பாய், சாரி."

மிச்சம் இரண்டில், ஒன்றில் விமானம் ஒன்று அசாரின் இடது காதில் நுழைந்து கொண்டிருந்தது. ஏற்கெனவே காது விஷயத்தில் பெயர் கெட்டிருந்ததால் கரீம் அதை உடனே அழிக்கச் சொன்னார். கடைசிப் படம் மட்டும் அருமை. இமை முடிவரை தெளிவு. சுற்றிலும் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. கரீமுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிடக் கிளியராக எடுக்க அல்லாவின் உலகத்தில் இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டு அனுப்பினார்.

மதியம் அக்தர் பாய் நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னா பாய் நீ, பையன வானத்துல தொங்க வுட்டுகினு! பேக்ரவுண்டே காணோமேன்னு அந்தப் பொண்ணு கேக்குது!"

குப்பை இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்.

"அத்தா, அவங்க கேக்குறது குடும்பப் பேக்ரவுண்டா இருக்குமோ?" என்றான் அசார் அன்று சாப்பிடும்போது.

கரீம் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார். உட்கார்ந்து, பாட்டனாரிலிருந்து தொடங்கி, யார் யார் எங்கே என்ன தொழில் என்று மூன்று பக்கம் எழுதி, அதை ஒரு எழுத்தும் மங்காமல் போட்டோ எடுத்து அனுப்பினார்.

"இதெல்லாம் தெரியுமாம் பாய். அவங்க கேட்டது போட்டோ பேக்ரவுண்டுதானாம். நீங்க சிரமப்பட வேணாம், ஞாயித்துக்கிழமை நாங்களே வந்து வூட்ட பாத்துக்கிறோம்னுட்டாங்கோ."

அவ்வளவுதான். சனிக்கிழமை கரீம் கடையைத் திறக்கவில்லை. கொடியை அறுத்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். விளக்குமாறு, குடம், தேக்சா எல்லாம் ஞானஜோதி வீட்டுக்குப் போயின. கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயையே கழற்றி, துளையை அடைத்து, அந்த இடத்தில் ஒரு ரோஜாத் தொட்டியை வைத்தார்.

"நாளைக்குப் பாத்திரம் எங்க தேய்ப்பீங்க?" என்றாள் அஜீசா.

"யாரு, நானா? சத்தமா பேசாத!"

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் தங்கை சோயா, மூவரும் வந்தார்கள். வழக்கப்படி பெண் வரவில்லை. கரீம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சமோசாவும் டீயும் உள்ளே போயின. எச்சில் தட்டுகள் சமையலறையில் குவியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய விரல்கள் தாமாகத் துடித்தன. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பின்பக்கம் பாக்கலாமா அங்கிள்?" என்றாள் சோயா.

கரீம் பெருமையாக அழைத்துப்போனார். சோயா வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், ரோஜாவைப் பார்த்தாள். போனை எடுத்து அந்த முதல் படத்தைத் திறந்து, சுவரோடு ஒத்துப்பார்த்தாள்.

"இங்க ஒரு குழாய் இருந்துச்சுல்ல? அதுல பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தாரே, அவரு யாரு அங்கிள்?"

கரீமுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவர் ஒரு வாரமாகவே பதில் தயார் செய்து வைத்திருந்தார்.

"அதுவாம்மா? வேலைக்கு வர்ற ஆளு. பாவம், ஏழை. இப்ப நிறுத்திட்டோம்."

"ஓ," என்றாள் சோயா. அவள் முகம் வாடிவிட்டது. உள்ளே திரும்பி, "அம்மா, போலாம்மா. அக்கா நினைச்ச மாதிரி இல்ல," என்று சொல்லப்போனவள், என்னவோ தோன்றிப் போனில் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். அந்த ஆளின் காது திரையை நிறைத்தது. பிறகு கரீமின் இடது காதை நிதானமாகப் பார்த்தாள். அவர் சட்டென்று கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

சோயா சிரித்துவிட்டாள்.

"கைய எடுங்க அங்கிள், கிளியரா தெரிஞ்சிடுச்சு! தேய்க்கிறது வேலைக்காரரா இருந்தா இந்த இடம் வேணாம், வீட்டு ஆம்பளையா இருந்தா இந்த மாசமே நிக்காஹ் வெச்சிடலாம்னு சொல்லித்தான் அக்கா என்னை அனுப்புனா."