எல்லா எண்ணும் சமம்

மனித குலம் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து எண்களுக்கு இழைக்கப்பட்டுவந்த அநீதியைத் துடைத்தெறிந்த பெருமை எங்கள் மழலையர், தொடக்கப் பள்ளியையே சேரும். நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அப்புனிதப் பணியில் அடியேனுக்கும் பங்குண்டு.

ஒன்பதைவிட நான்கு 'சிறியது' என்று பிஞ்சு மனங்களில் பதிக்கிறார்களே, நான்கு என்ன பாவம் செய்தது? ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த கையோடு குழுத் தலைவர் கூட்டம் போட்டார். பெரியது, சிறியது ஆகிய சொற்கள் விலக்கப்பட்டன. பெரிய எண்ணைப் பார்த்து முதலைபோல வாய் பிளக்கும் அந்த '>' குறி வன்முறையைத் தூண்டுவதாக ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் மட்டும் முரண்டு பிடித்தார்.

"பெரிசு சின்னது தெரியாம கழித்தல் எப்படி சார் சொல்லிக்கொடுக்கிறது?"

"கழிப்பானேன்? நம்ம பள்ளியில இனிமே கூட்டல் மட்டும்தாம்மா" என்றார் தலைவர். என்ன தொலைநோக்கு!

டீச்சர் கேட்கவில்லை. அவர் வகுப்பில் நாற்பது குழந்தைகள், இருபத்தைந்து நாற்காலிகள். அந்த அம்மாள் அதையே பாடமாக்கிவிட்டார். "ஆளுக்கொரு நாற்காலியில உக்காருங்க. யாரு மிச்சம்? அப்ப எது அதிகம்?" என்பார். நிற்கிற வாண்டுகள் "நாங்கதான் அதிகம்" என்று கத்தும். கதவோரம் நின்று கேட்ட நான் சட்டென்று கதவைச் சாத்தினேன். பள்ளியின் மானத்தைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பார்களா?

பெற்றோர் தினத்தன்று தலைவர் அந்த வகுப்புக்கே எழுந்தருளினார். சுவரோரம் நின்ற ஒரு பொக்கைவாய்ச் சிறுமியைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நாப்பது, இருபத்தஞ்சு. ரெண்டும் சமம்தானே?"

"இல்ல. நாப்பதுதான் பெரிசு."

"எல்லாமே சமம்டா செல்லம்."

"சமம்னா எனக்கு ஏன் நாற்காலி இல்ல தாத்தா?"

தலைக்குச் சாயம் பூசியவரை யாராவது தாத்தா என்பார்களா? அதைவிட மோசம், பெற்றோர்கள் உதட்டை அசைத்து அசைத்து நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார்கள். இந்த நோய் பெரியவர்களிடம் இவ்வளவு முற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாலையில் டீச்சரை அலுவலகத்துக்கு அழைத்தோம். அவர் வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது என்பது எங்களுக்கும் தெரியும்.

"நான் என்ன தப்பு சார் செஞ்சேன்?"

"தப்பே இல்லம்மா. உங்க திறமைக்கு இந்தப் பள்ளி பத்தாது" என்றேன். இதைவிடக் கௌரவமாக ஒருவரை வெளியே அனுப்ப முடியுமா?

அவருடைய குழந்தைகளையும் பக்கத்து வகுப்பு டீச்சரிடமே ஒப்படைத்தோம். அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஏற்கெனவே நாப்பது பேரு. இப்ப எம்பது பிள்ளைங்களை நான் ஒருத்தி எப்படி சார் பாத்துக்கிறது?"

"நாப்பதும் எம்பதும் சமம்தானேம்மா" என்றார் தலைவர் கனிவோடு.

இரண்டு டீச்சர் செய்த வேலையை இனி ஒருவரே செய்வார். குழந்தைகள் ஒப்பிடக் கற்றுக்கொண்டால் எங்கள் பள்ளி ஒரு நாள்கூட ஓடாது என்பதை நாங்கள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.