உம்மென்று முனகிய ஃபேன்

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரிப்பேர் பார்க்கிறேன் என்று நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால், என் பிள்ளைகள் இன்றைக்கும் அறையைக் காலி செய்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுக்கு மருமகளாக வந்து நாலு மாதம். அப்பா கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மேஜை ஃபேனைச் சீராகக் கொடுத்திருந்தார். (எங்கள் தெருவிலேயே முதல் ஃபேன்! அதற்காகவே நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.) மூன்றாவது மாதமே அது மக்கர் செய்தது. சுவிட்சைப் போட்டால் 'உம்ம்' என்று முனகும், இறக்கை அசையாது. கம்பி வலைக்குள் துடைப்பக்குச்சியை விட்டு ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றும். குச்சியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மாமியார் கண்ணில் எது தப்பும்?

"ஏம்மா, உங்கப்பாரு அவரு மாதிரியே பாத்து வாங்கியிருக்காரு. எதைக் கேட்டாலும் உம்முன்னு சொல்லிக்கினு குந்திக்கினு இருக்குது!"

அப்பா அதிகம் பேசமாட்டார், உண்மைதான். ஆனாலும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட வருவதாக இருந்தது. "வரட்டும், அவரு முன்னாடியே போட்டுக் காட்டறேன்" என்றார் மாமியார். அப்பாவின் மானம் என் கையில். காலையிலேயே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து, வலையையும் இறக்கையையும் கழற்றினேன். பார்த்தால், அச்சில் அரக்கு நிறப் பட்டு நூல் சுற்றி இறுகிக் கிடந்தது. இந்த வீட்டுக் கழிவு நூலேதான்! அப்பாவின் ஃபேன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இவர்கள்தான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறார்கள். நூலைப் பிய்த்தெடுத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

முனகல்கூட இல்லை. (இருந்ததையும் கெடுத்தாயா, பாவி!) வேகத்தை மூன்றில் வைத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். கரெண்ட் போயிருக்கிறது என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. ஃபேனை அப்படியே கூடத்து ஸ்டூலில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன்.

அதற்கு நேர் எதிரே தறி. அங்கே மாமனார் பாவு புணைத்துக்கொண்டிருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்க வேண்டும். பக்கத்தில் தட்டு நிறையச் சாம்பல்.

அப்பா வந்து மாமனாருக்கு அருகிலேயே பாயில் உட்கார்ந்தார். மாமியார் மோரை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தார். "நீங்க குடுத்த ஃபேன் இருக்குதே, சம்பந்தி..."

அந்த நேரம் பார்த்துக் கரெண்ட் வந்தது. ஃபேன் சீறியது. தட்டுச் சாம்பல் மொத்தமும் கிளம்பியது. முறுக்காத இழைகள் பறந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"ஐயோ, பாவு போச்சுபா! நிறுத்துங்கபா!" என்று மாமனார் அலறினார்.

நான் ஓடிவந்து அணைத்தபோது, மூன்று பேருக்கும் தலை, புருவம், மோர் டம்ளர் எல்லாம் வெள்ளை. அப்பா மெதுவாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் சுத்துது, சம்பந்தியம்மா."

மாமியார்தான் முதலில் சிரித்தார், புரையேறும் அளவுக்கு. சிக்கெடுக்க இரண்டு நாள் ஆயிற்று; அந்த இரண்டு நாளும் மாமனார் என்னோடு பேசவில்லை.

அப்பாவும் மாமியாரும் போய் வருஷங்களாகிவிட்டன. கூடத்தில் இப்போது சீலிங் ஃபேன். கரெண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம், அப்பாவை ஒரு தடவைகூடப் பார்த்திராத என் பேத்தி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறாள்: "நல்லாத்தான் சுத்துது, சம்பந்தியம்மா." வாழ்நாளில் அப்பா பேசியதே நாலு வார்த்தை, அதில் மூன்றை இந்த வீடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.