உயிர்த் தண்ணீர்

வளர்ப்பு மீன் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளே ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன, இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்களா? அதெல்லாம் இல்லை. நீரய்யா வந்திருக்கிறார்!

தண்ணீரின் குணத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கிற மகான். முதலில் ‘தண்ணியார்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். அது வேறு அர்த்தத்தில் போய் நின்றதால் நீரய்யா ஆக்கிவிட்டார்கள். வெள்ளை அங்கி, கையில் ஒரு நூல், நூலின் நுனியில் செம்புக் குண்டு. வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கிறவர்கள் தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து நீட்டுவார்கள். குண்டு சுற்றினால் உயிர்த் தண்ணீர். சும்மா தொங்கினால் செத்த தண்ணீர். யார் வீட்டுத் தண்ணீருக்கும் அது சுற்றியதாகச் சரித்திரம் இல்லை. அவர் விற்கிற கேனுக்கு மட்டும் பம்பரமாகச் சுற்றும். அடேயப்பா, என்ன நடுநிலை!

கேனுக்குள் ஒரு செம்புச் சுருள் வேறு ஊறிக்கொண்டே கிடக்கும். உயிர் கொடுப்பது அதுதானாம்.

எங்கள் கட்டிடத்தின் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். கீழே நான் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். டாக்டர் தன் அறைக்கு வெளியே ஒரு பவளத் தொட்டி வைத்திருந்தார். அழுதுகொண்டே வருகிற குழந்தைகள்கூட அதைப் பார்த்தால் வாயை மூடிவிடும். பிறகு அதைத் திறக்க வைப்பது டாக்டர் பாடு. தொட்டியில் சில நத்தைகள், இரண்டு இறால்கள். இறால்கள் மீன் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் சாதி. “என் பார்ட்னருங்க” என்பார் டாக்டர். கையை உள்ளே விட்டால் அவர் நகத்தையும் சுத்தம் செய்யும்.

அதுவரை ஆர்.ஓ. மெஷின் தண்ணீரில் உப்புக் கலந்துதான் ஊற்றிவந்தார். நீரய்யா குண்டைத் தொங்கவிட்டு, “இது செத்த தண்ணிப்பா” என்றார். எட்டு வருஷம் படித்த மனிதர், மறுபேச்சுப் பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாளில் நத்தைகள் தொட்டிக் கண்ணாடியிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒரு இறால் மல்லாந்து கிடந்தது.

டாக்டரின் கொழுந்தியா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அன்று பல் காட்ட வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். நான் கண்ணாடி கொடுக்க மேலே போயிருந்தேன்.

“அத்தான், ஒரு பார்ட்னரைக் காணோமே?”

“கேக்காதம்மா, மனசு ஆறல. தண்ணி இன்னும் சரியா உயிர் பிடிக்கலையாம். கூட ரெண்டு கேன் ஊத்தச் சொல்லியிருக்காரு.”

“பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கறீங்கல்ல? தண்ணிய ஊத்தறதுக்கு முன்னாடி எதையும் பாக்க மாட்டீங்களா?”

“அதான் குண்டு வச்சுப் பாத்தாரே!”

மிச்சமிருந்த இறால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. டாக்டர் கையை விட்டும் நகரவில்லை. “இவனும் போயிட்டான்னா தொட்டியையே எடுத்துடுவேன்” என்றார். எனக்கே பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

அவள் மூடி திறக்காத ஒரு கேனை என் கண் முன்னால் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்தாள்; டாக்டரின் ஆர்.ஓ. தண்ணீரை இன்னொன்றில். டாக்டரையும் கூட்டிக்கொண்டு நேரே மீன் கடைக்குப் போனோம்.

“அய்யா, அஞ்சு டம்ளர் தண்ணி. எதெது உயிரோட இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்று நீரய்யா முன்னால் வரிசையாக வைத்தாள்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் டம்ளர். குண்டு அசையவில்லை. “செத்துப்போச்சு.” இரண்டாவது. “இதுவும் போச்சு.” மூன்றாவதுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார். “அய்யய்யோ, பொண நாத்தம்!” நான்காவதில் கொஞ்சம் மூச்சு இருக்கிறதாம். ஐந்தாவது பரலோகம்.

“அஞ்சும் உங்க கேன் தண்ணிதாங்கய்யா” என்றாள் அவள்.

“நான் சாட்சி” என்றேன். விட்டுவிடுவேனா?

நீரய்யா முகம் வெளுத்தது. ஆனால் வாய் வெளுக்கவில்லை. “சந்தேகப்படற ஆளு பக்கத்துல நின்னா தண்ணி மயங்கிடும்மா.”

“தண்ணி மயங்கல, ஜனங்கதான் மயங்கிக் கிடக்கறாங்க.” பையிலிருந்து ஒரு சிறு மருந்துக் குப்பியை எடுத்தாள். “தண்ணியில செம்பு இருந்தா இது நிறம் மாறும்.” ஆர்.ஓ. தண்ணீரில் சொட்டு விட்டாள். அப்படியே இருந்தது. கேன் தண்ணீரில் விட்டாள். நீலம் பாய்ந்தது.

“மனுஷனை ஒண்ணும் பண்ணாத அளவு செம்புகூட இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். உப்பை நாமதான் அளந்து போடறோம். அப்போ ஊத்தற தண்ணியில வேற எதுவுமே இருக்கக் கூடாது. இவரு செத்த தண்ணின்னு சொன்னாரே, அதான் நமக்கு வேணும். உயிர்த் தண்ணின்னு பேரு வச்சதும் சரிதான். உயிரை எடுக்கற தண்ணி!”

“என் பார்ட்னரைக் கொன்னுட்டியேய்யா!” டாக்டர் கத்திய கத்தலில் நீரய்யா நூலைச் சுருட்டிக்கொண்டு பின்வாசலைத் தேடினார். அப்போதுதான் குண்டு நிஜமாகவே சுற்றியது, அவர் ஓடிய வேகத்தில்.

டாக்டர் தன் மாடிக்கு ஓடி, நல்ல தண்ணீரில் உப்புக் கலந்து, இறாலை மெல்ல மெல்ல அதற்குப் பழக்கி மாற்றினார். நாலைந்து நாள் கழித்து அது அவர் விரலில் ஏறி நகத்தைச் சுரண்டியது. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

கூட்டமா? கலைகிறபோது ஒருத்தர் என் காதருகே வந்தார். “செம்புதானே தப்பு? வெள்ளிக் குண்டு வச்சுப் பாக்கறவர் யாராவது இருக்காங்களா?”

என் கடையில் கண்ணாடி வாங்கியவர்தான். பார்வை தெளிவாகத்தான் தெரிகிறதாம்.

இறாலுக்கு இருக்கிற மூளை கண்ணுக்கே தெரியாது. அதுகூட அந்தத் தண்ணீரைக் கண்டு மூலைக்கு ஓடியது. நாம் எவ்வளவு பெரிசாக வைத்திருக்கிறோம்! தொட்டியில் பவளத்தை அழகுக்கு வைக்கலாம். தலைக்குள் இருப்பதையுமா?