விலக்கு யாருக்கும் கிடையாது

“இதை வரைஞ்சவன் மனுஷனா?” என்று லியோனா பிகுல் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் அறைந்தாள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றோரம் மூன்று தலைமுறையாக அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்கறி போடும் குடும்பம். பக்கத்து வயலில் பழங்காலத்து ஊர் மாதிரியே ஒரு குடியிருப்பு வரப்போகிறதாம். ஊர் அலுவலகத்தில் வரைபடம் கேட்டவளுக்கு இதைக் கொடுத்திருந்தார்கள்.

“பாரு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல பத்தடி இல்ல. கொட்டகை ரோட்டுல வந்து முட்டுது. கீழ கடை, மேல வீடு. காரை எங்க நிறுத்துவானாம், தலையிலயா?”

“நாமளும் கடைக்கு மேலதானே இருக்கோம்?” என்றான் கணவன் காசிமிர்.

“நாம நம்ம கடைக்கு மேல இருக்கோம். நீ சூப்பைக் குடி.”

திட்டம் போட்ட கார்வருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினாள். அவர் பாஸ்டனிலிருந்து பணிவாகத் தொலைபேசியில் பேசினார். “நெருக்கமாக் கட்டினாத்தாங்க மிச்ச வயல் தப்பிக்கும்.”

“வயலைப் பத்தி எனக்கே பாடமா?” என்று போனை வைத்துவிட்டாள். பணிவாகப் பேசியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீடு வீடாகப் போய் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். தாளைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

ஊர்க் கூட்டத்தில் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொன்றுக்கும் தடை கேட்டாள். கடைக்கு மேல் வீடு கூடாது. ரோட்டிலிருந்து ஐம்பதடிக்குள் கொட்டகை கூடாது.

கார்வர் மெல்ல எழுந்தார். “பழைய கட்டடங்களுக்காவது விலக்குக் கொடுங்க.”

“அதான் பார்த்தேன்,” என்றாள் லியோனா. “நாளைக்கே புதுசைப் பழசுன்னு சொல்லித் தப்பிச்சிக்குவீங்க. விலக்கு எவனுக்கும் கிடையாது. பழசோ புதுசோ, இப்படி இருக்கறதை எல்லாம் ஒரு வருஷத்துல இடிக்கணும்னு எழுதுங்க.”

அப்படியே எழுதினார்கள். கை தூக்காதவன் காசிமிர் மட்டும்தான். அவனை அவள் பார்த்த பார்வையில் அவனும் தூக்கினான். தீர்மானம் நிறைவேறியது. கார்வர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வெற்றிக் களிப்போடு வெளியே வந்தவளை ஊர் எழுத்தர் மர்ட்டல் வாசலில் நிறுத்தினாள்.

“அந்தத் தாளைக் குடுத்துடுங்க லியோனா, அன்னிக்கு மாத்திக் குடுத்துட்டேன். அது புதுத் திட்டம் இல்ல, மாதிரிக்குன்னு கார்வர் ஆசையா அளந்து வரைஞ்ச உங்க தெரு.”